ஒரு விரல் சுண்ணாம்பு

ஒரு பனையின் இரு பாளைகளில் இரு முட்டிகள் கட்டப்பட்டிருக்கின்றன எனக் கொள்வோம். வேர் ஒன்று, மண் ஒன்று, பாளையிலிருந்து சொட்டுகின்ற சாறும் ஒன்றே. ஆயினும் மறுநாட் காலையில் ஒரு முட்டியிலிருந்து இறங்குவது குழந்தையும் அருந்தத்தக்க கருப்பணி. மற்றதிலிருந்து இறங்குவது கள். ஒன்று தாச்சியிற் காய்ந்து, பனங்கட்டியாகிக் குட்டானில் அடைகின்றது; மற்றது தவறணைக்குச் செல்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, முதல் முட்டியின் உட்புறத்தே தடவப்பட்ட ஒரு விரல் சுண்ணாம்பாகும்.

இச்சிறு வெண்பூச்சைப் பற்றி எண்ணுந்தோறும், நொதித்தல் எனும் செயலைப் பற்றி நாம் நூல்களிற் கற்றவற்றுக்கும் பனையடியிற் கற்கத்தக்கவற்றுக்கும் இடையே எத்துணை நெருங்கிய உறவு உண்டு என்பது புலப்படுகின்றது. மேல்நாடுகளில் வீட்டிலேயே பியர் தயாரிப்பது இன்று பலர்க்குப் பொழுதுபோக்காகியுள்ளது. பிரித்தானியாவில் 1963 ஆம் ஆண்டுடன், சொந்தத் தேவைக்காக வீட்டிற் பியர் தயாரிப்போர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டிய கட்டாயம் நீங்கிற்று. அமெரிக்காவில் 1978 இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் அதற்கு வழிவிட்டது. ஒரு வாளி, ஒரு மூடி, சில போத்தல்கள் ஆகிய எளிய கருவிகளைக் கொண்டு, உடலுக்குக் கேடு விளையாதவாறு ஒரு பானத்தை நொதிக்க வைப்பது எங்ஙனம் என்பதே அவர்கள் தம்முட் கேட்டுக்கொள்ளும் வினா. அவ்வினாவுக்கு நமது கரையோரத்திலும் ஒரு விடை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அது எழுதப்பட்ட விடையன்று. கைகளில் வாழ்ந்த விடை. அக்கைகளுள் இரண்டை நான் அறிவேன். அவை என் தாயின் தந்தையாருடையவை.

மன்னார்த் தீவு நீளத்தால் ஏறக்குறைய 26 கிலோமீற்றர். பெருநிலத்துடன் அதனைப் பாலமும் தாம்போதியும் இணைக்கின்றன. மழை குறைந்த, காற்று மிகுந்த, மணல் நிறைந்த அந்நிலத்தில் நெல்லுக்கு இடமில்லை; பனைக்கு உண்டு. பேசாலையிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்வோர், இருமருங்கும் வடலியும் பனையுமாய் விரிந்து கிடப்பதைக் காண்பர். அண்மைக் காலத்தில் அப்பனைகளுக்கு மேலாகக் காற்றாலைகளின் வெண்ணிறக் கைகள் சுழல்கின்றன. கடலை நம்பியோரும் பனையை நம்பியோரும் ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த ஊர்கள் அவை. வலை இழுத்துக் களைத்து வந்தவர்க்கு ஒரு பிளா கள்ளும், பனையிலிருந்து இறங்கியவர்க்கு ஒரு கோர்வை மீனும் மாறிக்கொண்டன. அம்மப்பா அங்குதான் சீவல் தொழில் செய்தார். தளைநார், இடைக்கயிறு, பாளைக்கத்தி, பாளையைத் தட்டிப் பதப்படுத்தும் பொல்லு, சில முட்டிகள் ஆகியவையே அவரது ஆய்வுகூடம் எனலாம். பருவ காலத்தில் நாளொன்றுக்குப் பதினைந்து மரங்கள்வரை, காலையும் மாலையும் என இருமுறை ஏறி இறங்குவார்.

அவர் இறக்கிய முட்டிக்குள் நிகழ்ந்தது யாது? பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்குவரை வெல்லம் உண்டு. அதிற் பெரும்பகுதி சுக்குரோசு. சொட்டும் வேளையில் அது ஏறக்குறைய நடுநிலையானது, பி.எச். பெறுமானம் ஏழை அண்டியிருக்கும். காற்றிலும் பாளையிலும் முட்டியின் சுவரிலும் வாழும் நுண்ணங்கிகள் அக்கணமே அதனுட் குடியேறுகின்றன. முதலில் இலற்றிக் அமிலத்தைத் தோற்றுவிக்கும் பற்றீரியாக்கள் பெருகிச் சாற்றைப் புளிக்கச் செய்கின்றன. அப்புளிப்பை விரும்பும் மதுவம், சுக்குரோசை முதலில் எளிய வெல்லங்களாகப் பிளந்து, பின்னர் அவற்றை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. சைமோமோனாசு எனும் பற்றீரியாவும் இப்பணியிற் பங்குகொள்கின்றது. கள்ளின் நுரை அவ்வாயுவின் நுரையே. இறுதியில், காற்றின் ஒட்சிசனைக் கொண்டு அற்ககோலை அசற்றிக் அமிலமாக்கும் பற்றீரியாக்கள் தலையெடுக்கின்றன; கள் காடியாகின்றது. காலையில் இனிப்பு, நண்பகலில் இனிப்பும் புளிப்பும், மறுநாளிற் கடும்புளிப்பு என நாவறிந்த இப்படிகள், நுண்ணுயிரியல் கூறும் மூன்று கட்டங்களுடன் முற்றிலும் ஒத்துப்போகின்றன.

சிறிது கணக்கும் பார்க்கலாம். நிறைப்படி, வெல்லத்தின் ஏறக்குறைய பாதியே அற்ககோலாக மாறக்கூடியது. மறுபாதி வாயுவாய்ப் போய்விடும். ஆகவே, பன்னிரண்டு பங்கு வெல்லமுள்ள சாறு முற்றாக நொதித்தாலும் ஏறக்குறைய ஆறு பங்கு அற்ககோலையே தரும். நடைமுறையிற் கள்ளின் வலிமை நான்கு முதல் ஆறு சதவீதம் அளவிலேயே நிற்கின்றது. பியரின் வலிமையும் பெரும்பாலும் அவ்வளவே. எனவே, இயல்பான கள் ஒருவனை ஒரு மிடற்றில் வீழ்த்துமாயின், அக்குற்றம் பனையினுடையதன்று. அதனுள் வேறேதோ புகுந்துள்ளது எனக் கொள்ளுதல் வேண்டும்.

இவ்விடத்திற் சுண்ணாம்பின் வேலை விளங்கும். நிறைந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். பெறுமானம் பன்னிரண்டைத் தாண்டும். சாற்றைக் காரநிலையில் நிறுத்திவிட்டால் மதுவம் வாழ விரும்பும் புளிப்பு தோன்றாது; குடியேறிய உயிர்கள் பெருகமாட்டா. பூச்சுக் குறைந்தால் கருப்பணி பாதி வழியிற் பொங்கத் தொடங்கும், கூடினால் நாவைச் சுடும், பனங்கட்டியும் நிறங்கெடும். எந்த அளவுகோலும் இன்றி, முட்டியின் வாய்க்குள் விரலைச் சுழற்றி அவ்வளவை நிறுத்திய கையைக் கல்வியற்ற கை என்று கூறுவது எங்ஙனம்? பி.எச். எனும் அளவையே உலகுக்குக் கிடைத்த இடம், கோப்பன்கேகனில் உள்ள காள்சுபேர்க் பியர் நிறுவனத்தின் ஆய்வுகூடமாகும். சோரென்சன் எனும் வேதியியலார் 1909 இல் அதனை வகுத்தார். நொதிக்கும் பாண்டத்தினுள் புளிப்பு எவ்வளவு என அறியவேண்டிய தேவை, டென்மார்க்கின் அறிஞர்க்கும் பேசாலையின் தொழிலாளிக்கும் பொதுவாகவே இருந்திருக்கின்றது.

பியரின் வரலாறு, நொதித்தலை அடக்கியாண்ட வரலாறாகும். 1516 இல் பவேரியாவில் விதிக்கப்பட்ட புகழ்பெற்ற கட்டளை, பியருக்கு வாற்கோதுமை, ஹொப்சு, நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதுவும் சேர்த்தலாகாது என்றது. மதுவத்தை அக்கட்டளை குறிப்பிடவில்லை; அஃது ஓர் உயிர் என்பதை அன்று எவரும் அறியார். மூன்றரை நூற்றாண்டின் பின்னரே பாசுச்சர், நொதித்தல் உயிர்களின் தொழில் என்பதை நிலைநாட்டினார். பியர் கெடுவதன் காரணத்தை ஆராய்ந்த அவரது நூல் 1876 இல் வெளிவந்தது. 1883 இல் காள்சுபேர்க்கில் ஹான்சன் என்பார், ஒற்றை மதுவக் கலத்திலிருந்து தூய வளர்ப்பைப் பெருக்கிக் காட்டினார். அன்றுதொட்டுப் பியர் தயாரிப்பின் நெறி தெளிவாகிவிட்டது: முளைத்த தானியத்தின் சாற்றைக் கொதிக்க வைத்து உள்ளிருக்கும் உயிர்களை அழித்தல், பற்றீரியாக்களைத் தடுக்கும் ஹொப்சைச் சேர்த்தல், விரைந்து ஆற்றுதல், தேர்ந்தெடுத்த மதுவத்தை விருந்தினனாய் உள்ளே அழைத்தல், பிறர் புகாதவாறு வாயிலை மூடுதல்.

இந்நெறி தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று என்பதைப் பெரும்பாணாற்றுப்படை பயின்றோர் அறிவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்தே, அங்குப் பாணர் பெறும் பானத்தின் செய்முறையையும் விடாது கூறுகின்றார். அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். முளைநெல்லால் ஆயது என உரைகாரர் கொள்ளும் அடையை அதனுடன் கலக்கின்றனர். இரு பகலும் இரு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியில் முதிரச் செய்து, பின் அரித்தெடுக்கின்றனர். சமைத்தல் கிருமிகளை நீக்கும். ஆற்றாது கலப்பின் சூடு மதுவத்தையும் நொதியங்களையும் அழித்துவிடும். முளைத்த தானியத்தின் நொதியம் மாப்பொருளை வெல்லமாக்கும். காலவரையறை பானத்தைக் காடியாகாது காக்கும். ஐயமின்றி இது பியரேயாகும். குளக்கரை வலைஞர் இல்லத்தில், அடுப்பும் சாடியும் அன்றி வேறு கருவியின்றி ஆக்கிய பியர். அச்செய்யுளில் வரும் 'பிழா' எனும் சொல்லை ஒத்த 'பிளா' எனும் சொல்லால், கள்ளருந்தும் பனையோலைக் கலத்தை நம்மவர் இன்றும் வழங்குதல் தமிழ் மாணவர்க்குச் சுவையான செய்தியாம்.

ஆனால் கள்ளைப் பியரைப் போலக் கொதிக்க வைத்துத் தொடங்க இயலாது. நாற்பது ஐம்பது அடி உயரத்தில், திறந்த காற்றில், அழைக்காத விருந்தினர் நடுவிலேயே அது பிறக்கின்றது. ஆகவே அதன் காவல் முழுவதும் முட்டியின் தூய்மையிலும், காலத்தின் அளவிலும், கையின் நேர்மையிலும் தங்கியுள்ளது. இம்மூன்றையும் அம்மப்பா விதிகளாக உரைத்தவரல்லர். ஆயினும் ஒருநாளும் தவறியவருமல்லர்.

முட்டியைக் கழுவுதல் அவருக்கு ஏறக்குறைய ஒரு வழிபாடு. ஒவ்வொரு முறையும் கள்ளை ஊற்றியதும் அடியிற் படிந்த மண்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் வாய் கவிழ்த்து உலர்த்துவார். சில நாட்களில் நெருப்பின் புகையிலும் காட்டுவார். "முட்டி கழுவாதவன்ர கையால தண்ணியும் வாங்கிக் குடியாத, மோனே" என்பது அவரது வாக்கு. நேற்றைய மண்டியில் நேற்றைய காடிப் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை எஞ்சினால் இன்றைய சாறு மதுவத்துக்குக் கிட்டாது, நேரே புளித்துவிடும். மட்பாண்டத்தின் நுண்டுளைகளில் மதுவத்தின் ஒரு சிறு கூட்டம் கழுவிய பின்னும் தங்கி, மறுநாட் சாற்றைத் தொடக்கி வைக்கின்றது என்பதையும் நோக்குக. எல்லாவற்றையும் அழிப்பதன்று அவரது தூய்மை. வேண்டியதை விட்டு வேண்டாததை விலக்குவது.

முட்டியின் வாயை ஓலையால் மூடிக் கட்டுவதிலும் அவர் கண்டிப்பானவர். வௌவாலும் அணிலும் குளவியும் பாளையை நாடி வருவன. இதனைச் சிறு செய்தியென எண்ணுதல் தகாது. வங்காளதேசத்தில் நிபா எனும் கொடிய வைரசு நோய் 2001 முதல் மீண்டும் மீண்டும் தோன்றியதற்கு, பழந்தின்னி வௌவால்கள் எச்சிற்படுத்திய ஈச்சஞ்சாற்றைப் பச்சையாக அருந்தியமை ஒரு முக்கிய காரணமென ஆய்வாளர் கண்டனர். அங்குச் சாறு வடியும் இடத்தை மூங்கிற் பின்னலால் மறைக்குமாறு மக்களுக்குக் கற்பிக்கின்றனர். நொதித்த கள்ளின் புளிப்பு பல நோய்க்கிருமிகள் பெருகாது தடுக்கும் என்பது மெய்யே. எனினும் வைரசுக்கு அதனை மருந்தென நம்பலாகாது. மூடியே முதற்காவல்.

வடித்தெடுக்கும் கருவி பன்னாடை. பனைமட்டையின் அடியில் இயற்கையே நெய்து வைத்த சல்லடை அது. நன்னூலார் கடைமாணாக்கனுக்கு நெய்யரியை உவமையாக்கினார்; நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்வதாலே அவ்வுவமை. அதனால் 'பன்னாடை' நம்மிடையே வசைச்சொல்லாகவும் ஆயிற்று. பனையடியில் நிற்பவனுக்கோ அதுவே அதன் பெருமை. எறும்பையும் பூச்சியையும் பாளைத் துணுக்கையும் அது தன்னிடம் நிறுத்திக்கொண்டாற்றான் பிளாவில் விழுவது கள்ளாகும். ஒரே குணம் வகுப்பறையிற் குற்றமாகவும் தோப்பிற் குணமாகவும் நிற்கின்றது.

அடுத்தது பாண்டம். புளித்த கள்ளைப் பித்தளையிலோ செம்பிலோ அவர் வைக்கவிடார். அமிலம் செம்பைக் கரைக்கும். காரீயம் கலந்த மெருகு பூசிய சாடியாயின் அதனினும் பெருங்கேடு. மண், கண்ணாடி, துருப்பிடியாத உருக்கு ஆகியவையே ஏற்றவை. போத்தலில் ஊற்றும்போது தக்கையை இறுக்கி அடிக்கலாகாது; ஓலைச் சுருளைத் தளர்வாகச் செருகுவார். நொதித்தல் முடியாத பானம் வாயுவை ஈன்றுகொண்டே இருக்கும். வழியில்லையேல் போத்தல் வெடித்துக் கண்ணையும் கையையும் காயப்படுத்தும். வீட்டிற் பியர் தயாரிப்போர் தம் வாளியின் மூடியில் நீர்ப்பூட்டு ஒன்றைப் பொருத்துவதும், நொதித்தல் முடியுமுன் போத்தலில் அடையாததும் இதன் பொருட்டே. காற்று உட்புகாது, வாயு வெளியேற வேண்டும் என்பதே இரண்டுக்கும் பொதுவான விதி.

கடைசியாகக் காலம். காலையில் இறக்கியதை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். மறுநாளைக் கள் மனிதர்க்கன்று, அடுப்படிக்கு. அப்பமாவைப் பொங்கச் செய்வதற்கும் வினாகிரியாவதற்கும் உரியது. எதுவும் வீணாகவில்லை. ஆயினும் எது எதற்கு உரியது என்ற வரம்பு மட்டும் மாறியதில்லை. ஐயம் எழுந்தவிடத்து அவர் நாவை நாடார், மூக்கையே நாடுவார். புளிப்பு மணம் வரலாம், பழத்தின் மணம் வரலாம். அழுகல் நாற்றம் வந்தால் மண்ணில் ஊற்றிவிடுவார். விற்றால் ஒரு நாட் சோறு, ஊற்றினால் பட்டினி. ஊற்றியதை நான் கண்டிருக்கிறேன்.

இவ்விதிகளுள் எதிலும் பெருஞ்செலவு இல்லை. அரிய கருவி இல்லை. அப்படியாயின் மதுவினால் மக்கள் நஞ்சுண்டு மாள்வது ஏன்? 2024 யூன் மாதத்தில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் சாராயம் அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது மெதனோல். வெல்லம் நொதிக்கையில் மெதனோல் மிக நுண்ணிய அளவிலேயே தோன்றும். கள்ளோ பியரோ அதனாற் கொல்வதில்லை. தொழிற்சாலைத் தேவைக்கெனச் செய்த மெதனோலைப் பேராசையாற் கலப்பவனே கொல்கின்றான். உடலினுள் அது போமிக் அமிலமாகிப் பார்வை நரம்பை முதலில் அழிக்கின்றது, பின்னர் உயிரை. தெலுங்கானாவில் அமைதியூட்டும் மருந்துகளைக் கள்ளிற் கலந்து விற்றமையும் பலமுறை பிடிபட்டுள்ளது. நமது நாட்டில் மறைவிடங்களில் வடிக்கப்படும் கசிப்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே: எதிலிருந்து வடித்தது, எப்பாண்டத்தில் வடித்தது, யார் வடித்தது என்ற மூன்று வினாக்களுக்கும் அதனை அருந்துவோனிடம் விடையில்லை.

இங்கேதான் நான் கூறவந்த செய்தி நிற்கின்றது. ஒரு பானம் பாதுகாப்பானதா என்பது, அதனை ஆக்கியவரின் முகம் நமக்குத் தெரியுமா என்பதையும் பொறுத்தது. அம்மப்பாவின் கள்ளை அருந்தியோர் அவரை அறிவர். அவரது முட்டியை அறிவர். அன்று மாலை அவர்கள் வாந்தியெடுத்தால் மறுநாட் காலையில் அவர் அவ்வழியேதான் பனைக்குச் செல்ல வேண்டும். அறிவும் பொறுப்பும் ஒருவரிடமே ஒன்றித்திருந்தன. தடையினாலோ இகழ்ச்சியினாலோ அவரை அவ்விடத்திலிருந்து அகற்றினால், குடிப்பவன் குடிப்பதை நிறுத்திவிடுவதில்லை, முகமற்றவனிடம் செல்கிறான்.

தடையையும் அம்மப்பா கண்டவர். நமது நாட்டில் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தொட்டு, மது உற்பத்தி அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டு வந்துள்ளது. வீட்டில் விரும்பியவாறு வடித்துக்கொள்ள எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் சீவல் தொழில் இங்கு வாழ்ந்தது. 1990 இற் போர் மூண்டபோது, பலரைப் போல அவரும் குடும்பத்துடன் படகேறினார். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்; ஓரிரவுப் பயணம். மண்டபம் முகாமிற் பதிந்தபின், அப்பக்கத்துப் பனந்தோப்பொன்றிற் கூலிக்கு ஏறினார். அங்கு 1987 முதல் கள் இறக்குவது தடைசெய்யப்பட்டிருந்தது. பதநீருக்கு மட்டுமே இடமுண்டு. பதின்மூன்று ஆண்டுகள் ஒரு முட்டியையும் சுண்ணாம்பின்றி அவர் கட்டவில்லை. "அங்கயும் பனைதான், மோனே. சாறும் இதே சாறுதான். ஆனா எல்லா முட்டியும் வெள்ளை" எனப் பின்னொருநாள் கூறினார். பனை வேறுபடவில்லை, கை வேறுபடவில்லை, சட்டம் மட்டுமே வேறுபட்டது. அத்தடையின் கீழ்த்தான் மேற்கூறிய கள்ளக்குறிச்சிச் சாவுகளும் நிகழ்ந்தன என்பதை, தடையே முழுக்காவல் என எண்ணுவோர் சிந்தித்தல் நன்று.

இகழ்ச்சியோ அதனினும் கொடியது. இளமையில் ஒரு பருவத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஓர் ஊருக்குச் சென்று அவர் சீவினார். அங்கு அவர் இறக்கிய கள்ளைப் பெரியவீட்டார் விரும்பி அருந்தினர். அதே வீட்டின் கிணற்றில் அவர் வாளியைத் தொடலாகாது. நீர் வேண்டின் வேறொருவர் உயரத்திலிருந்து கையில் ஊற்றினர். அவர் தொட்ட கள் தீட்டாகவில்லை. அவர் தொட்ட நீரே தீட்டாயிற்று. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் நமது நாட்டில் 1957 இல் நிறைவேறியது. எழுபதுகளிற் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்து, தொழிலாளர்க்கு ஓரளவு தலைநிமிர்வைத் தந்தன. 1978 இற் பனை அபிவிருத்திச் சபை தோன்றிற்று. இன்று வடக்கிற் கள்ளைச் சூடேற்றிக் கிருமி நீக்கிப் போத்தலில் அடைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. பாசுச்சரின் பெயரால் வழங்கும் முறை பனையடிக்கு வந்து சேர்ந்துள்ளது. எனினும் தொழிலுக்குக் கிடைத்த ஏற்பு, தொழிலறிவுக்கு இன்னும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்திருக்க, பல்கலைக்கழக ஏட்டிற் கள்ளைப் பற்றி எழுதுவது தகுமோ எனச் சான்றோர் வினவலாம். வினா நேரியது. குடியாற் குலைந்த இல்லங்களை நானும் அறிவேன். அவ்வில்லங்களின் பெண்களும் பிள்ளைகளும் படும் துயரைச் சிறிதாக்கிப் பேசுதல் எனக்கு உடன்பாடன்று. அம்மப்பா தாமே ஒரு பிளாவுக்கு மேல் அருந்தியவரல்லர், பனையேறுபவன் தள்ளாடலாகாது. ஆனால் கள்ளை விலக்குதல் வேறு, கள்ளைக் குறித்த அறிவை விலக்குதல் வேறு. கருப்பணியைக் கள்ளாகாது காப்பதும், கள்ளை நஞ்சாகாது காப்பதும் ஒரே அறிவின் இரு முகங்கள். ஒன்றைப் போற்றி மற்றதைப் பழிப்போர், சுண்ணாம்பு தடவிய விரலும் தடவாத விரலும் ஒருவருடையவே என்பதை மறந்துவிடுகின்றனர்.

2003 இல் ஊர் திரும்பிய அம்மப்பா மீண்டும் பனையேறி, 2016 இல் மறைந்தார். எங்கள் குடும்பத்தில் இப்பொழுது ஏறுவார் எவருமில்லை. மாமாமார் கடலுக்கும் கடைக்கும் போயினர். நான் நுண்ணுயிரியல் கற்கப் போந்தேன். அவரது பாளைக்கத்தி வீட்டிலுண்டு. அதன் பிடியில் விரல் படிந்த பள்ளங்கள் உள்ளன. அக்கத்தியை எக்கோணத்திற் பிடித்தாற் பாளை காயாது நாட்கணக்கிற் சொட்டும் என்பதை அறிந்த விரல்கள் இல்லை.

தமிழ் பயிலும் நண்பர்க்கும் விஞ்ஞானம் பயிலும் நண்பர்க்கும் ஒருசேர ஒரு வேண்டுகோள். மன்னாரிலும் குடாநாட்டிலும் இன்னும் சிலர் ஏறுகின்றனர். பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர். பாளையின் நிலைகளுக்கும், கள்ளின் பதங்களுக்கும், முட்டியின் வகைகளுக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள் ஊருக்கூர் வேறுபடுவன. அவற்றைத் திரட்டுதல் தமிழ்த்துறையின் பணி. முட்டியொன்றின் பி.எச். பெறுமானமும் மதுவத்தின் இனங்களும் மணிக்கு மணி எவ்வாறு மாறுகின்றன என அளத்தல் விஞ்ஞான பீடத்தின் பணி. இரு துறையினரும் ஒரே விடியலில், தளைநாரை அவிழ்த்துக்கொண்டு இறங்கும் ஒருவர் முன் சென்று நிற்பார்களாயின், முதலில் அவரை அமரச் செய்து, அவர் பேசுவதைக் கேட்கட்டும். எவ்வளவு சுண்ணாம்பு எனும் வினாவுக்கு அவர் விரலைத்தான் காட்டுவார். அவ்விரலை அளந்து குறித்துக்கொள்ளும் மாணவனே, நமது நொதித்தற் பாடநூலின் முதற்பக்கத்தை எழுதத் தொடங்கியவனாவான்.